நாளைப்போவார் நம் வாசலில் நிற்கிறார்!

மார்கழித் திருவாதிரை. விடியற்காலையிலேயே குளித்து, கோலம் போட்டு, களி கிண்டி, ஏழு காய் சேர்த்த தாளகக் குழம்பும் வைத்து, நடராஜப் பெருமானுக்கு நைவேத்தியம் செய்தாயிற்று. கோயிலுக்குப் போய் ஆருத்ரா தரிசனமும் பார்த்து வந்தாயிற்று. மதியம் சற்று ஓய்வாக உட்கார்ந்து கைப்பேசியைத் திறந்தால், தோழி ஒருவர் பழைய கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து ஒரு பாட்டை அனுப்பியிருக்கிறார். எம்.எம்.தண்டபாணி தேசிகர் நந்தனாராக நின்று உருகுகிறார். நம்மை அறியாமலே கண்கள் கலங்குகின்றன.

பாட்டு முடிந்ததும் என்ன செய்கிறோம்? 'ஆஹா, என்ன குரல்!' என்று வியக்கிறோம். இன்னும் நான்கு பேருக்கு அனுப்புகிறோம். அதற்குள் கொல்லைப்புறத்திலிருந்து, பாத்திரம் தேய்க்க வந்த அம்மாவின் குரல் கேட்கிறது. 'அம்மா... இன்னிக்குக் கொஞ்சம் சீக்கிரம் போகட்டுமா? கோயிலுக்குப் போகணும்.' நாம் சொல்கிறோம்: 'இன்னிக்கு வேலை கிடக்கே... நாளைக்குப் போயேன்.'

அன்புச் சகோதரிகளே! நாம் கேட்டு உருகிய பாட்டுக்கும், நாம் சொன்ன இந்த ஒரு வார்த்தைக்கும் உள்ள தொடர்பைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

சினிமாவில் ஆன்மிகமா?

'திரைப்படப் பாட்டில் போய் என்ன ஆன்மிகம் இருக்கப்போகிறது?' என்று சிலர் நினைக்கலாம். தமிழ்ப் படங்களின் ஆரம்ப காலத்தை நினைத்துப் பாருங்கள். தமிழில் பேசும் படம் வந்தது 1931-ல். அதன் பிறகு ஏறக்குறைய 15 ஆண்டுகள், வந்த படங்களில் பெரும்பாலானவை புராணக் கதைகளும் அடியார் கதைகளும்தான். வசனத்தைவிடப் பாட்டுதான் அதிகம். கோயில் மண்டபத்தில் கேட்ட கதாகாலட்சேபமும், நாடக மேடையில் கேட்ட பாட்டும் அப்படியே திரைக்கு ஏறின. நம் பாட்டிமார்கள் படம் பார்க்கப் போனதை, பாதி கோயிலுக்குப் போனது போலத்தான் சொல்வார்கள்.

அந்த வரிசையில் நந்தனார் கதை ஒருமுறை அல்ல, பலமுறை படமாயிற்று. அவற்றில் இரண்டு மிகவும் புகழ் பெற்றவை. 1935-ல் கே.பி.சுந்தராம்பாள் நடித்த 'பக்த நந்தனார்' ஒன்று. 1942-ல் ஜெமினி ஸ்டூடியோ எடுத்த, தண்டபாணி தேசிகர் நடித்த 'நந்தனார்' மற்றொன்று. இரண்டுமே பாட்டால் நிறைந்த படங்கள். 1935-ம் ஆண்டுப் படத்தில் நாற்பது பாட்டுகளுக்குக் குறைவில்லை!

இந்தப் பாட்டுகளை ரசிப்பது ஒரு படி. அவை நம்மிடம் என்ன கேட்கின்றன என்று காது கொடுப்பது அடுத்த படி. அந்த இரண்டாவது படியில் கால் வைப்போம், வாருங்கள்.

ஒரு கதை, மூன்று காலம்

முதலில் கதை எப்படி வளர்ந்தது என்பதைத் தெரிந்துகொள்வோம். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் 'திருநாளைப்போவார்' என்ற பெயரைச் சொல்லி வணங்குகிறார். அங்கே கதை விரிவாக இல்லை. பெயர்தான் உண்டு. நம்பியாண்டார் நம்பி தமது அந்தாதியில் அதைச் சற்று விரித்தார். 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் முழு வரலாற்றையும் பாடினார்.

கொள்ளிடக் கரையைச் சேர்ந்த ஆதனூரில், தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கி வைத்த குலத்தில் பிறந்தவர் நந்தனார். சிவாலயங்களில் முழங்கும் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுத்தவர் அவர். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தார். பூஜைக்குக் கோரோசனை கொடுத்தார். அவர் கொடுத்த பொருள்கள் கோயிலுக்குள் போயின. அவர் மட்டும் வெளியே நின்றார்!

தில்லைக்குப் போக வேண்டும் என்று அவருக்குத் தீராத ஆசை. 'என் பிறப்புக்கு அது தகுமா?' என்ற தயக்கம் உடனே வந்து தடுக்கும். 'நாளைப் போவேன்' என்று சொல்லிக்கொள்வார். அந்த நாளை வந்துகொண்டே இருந்தது, அவர் போகவில்லை. அதனால்தான் அந்தத் திருநாமம்.

சேக்கிழாருக்குப் பிறகு பல நூறு ஆண்டுகள் கழித்து, 19-ம் நூற்றாண்டில், கோபாலகிருஷ்ண பாரதியார் இதே கதையை 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யாகப் பாடினார். 1860-களின் தொடக்கத்தில் அது அச்சேறியது. பெரிய புராணத்தில் இல்லாத ஒரு பாத்திரத்தை அவர் புதிதாகக் கொண்டுவந்தார். அவர்தான் நந்தனார் வேலை செய்யும் நிலத்துக்குச் சொந்தக்காரரான வேதியர். திரைப்படங்கள் எடுத்துக்கொண்டது பாரதியாரின் இந்தக் கதையைத்தான்.

பாரதியாரைப் பற்றி உ.வே.சாமிநாத ஐயர் எழுதியிருக்கும் ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்ல வேண்டும். தம் நூலுக்குச் சிறப்புப் பாயிரம் வேண்டி, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனார் பாரதியார். கீர்த்தனைகளில் இலக்கணப் பிழைகள் இருக்கின்றன என்று பிள்ளைக்கு மனம் இல்லை. பாரதியார் பலமுறை நடந்தார். ஒருநாள் பிள்ளை உள்ளே படுத்திருந்தபோது, பாரதியார் வெளித் திண்ணையில் அமர்ந்து தம் கீர்த்தனைகளை மெல்லப் பாட ஆரம்பித்தார். உள்ளே இருந்தவர் நெஞ்சம் உருகிவிட்டது. எழுந்து வந்து பாயிரம் எழுதிக் கொடுத்தார்.

கவனித்தீர்களா? வாசலில் நின்ற நந்தனாரைப் பாடியவரும், ஒரு வாசலில் காத்திருந்துதான் பாடினார். உள்ளே இருந்தவர் மனம் இளகிக் கதவு திறந்தது. நந்தனார் பாட்டின் குணமே அதுதான். அது வெளியே இருப்பவர் பாடுவது. உள்ளே இருப்பவர் கேட்க வேண்டியது. இன்று அதைக் கேட்பவர்கள் நாம். அப்படியானால் உள்ளே இருப்பவர்கள் யார்?

பாடம் 1: நந்தி விலகியது

வைத்தீஸ்வரன்கோயிலுக்கு மேற்கே சுமார் 3 கி.மீ. தொலைவில் இருக்கிறது திருப்புன்கூர். சுவாமி சிவலோகநாதர், அம்பாள் சௌந்தரநாயகி. மூவர் பாடலும் பெற்ற தலம். தில்லைக்குப் போகுமுன் நந்தனார் தரிசிக்க வந்த கோயில் இதுதான்.

உள்ளே போக முடியாது. வாசலில் நின்றே பார்க்க வேண்டும். நடுவில் நந்தி மறைத்துக்கொண்டிருந்தது. நந்தனார் மனம் வாடியது. அடியவரின் வாட்டம் பொறுக்காத சிவலோகநாதர், நந்தியை விலகி இருக்கும்படி பணித்தார். நந்தி விலகியது. வாசலில் நின்றபடியே கண் குளிர தரிசித்தார் நந்தனார். கோயிலின் மேற்புறத்தில் பள்ளமாக இருந்த இடத்தைக் கண்டு, அங்கே திருக்குளமும் வெட்டினார். குளம் வெட்டத் துணை செய்த பிள்ளையார் என்று ஒரு விநாயகரையும் அங்கே காட்டுவார்கள். இன்றும் திருப்புன்கூர் போனால், நந்தி நேர்க்கோட்டில் இல்லாமல் சற்று விலகியிருப்பதைக் கண்ணாரக் காணலாம்.

இந்த இடத்துக்குப் பாரதியார் பூர்விகல்யாணி ராகத்தில் ஒரு கீர்த்தனை செய்திருக்கிறார். கச்சேரிகளில் நாம் பலமுறை கேட்டிருப்போம். அதைக் கேட்கும்போது ஒரு கேள்வி எழ வேண்டும். நந்தியை நகர்த்திய இறைவன், வாசலில் தடுத்து நின்ற மனிதர்களை ஏன் நகர்த்தவில்லை?

நந்தி அவருடைய வாகனம். சொன்னதும் கேட்டது. 'வந்திருப்பவர் என்ன குலம்?' என்று அது கேட்கவில்லை. மனிதர்களுக்கோ, தாமாக விலகும் அறிவை இறைவன் கொடுத்திருக்கிறார். நம்மைக் கல்லைப்போலத் தள்ளி வைக்க அவருக்கு விருப்பமில்லை. கதையாகச் சொல்லி, பாட்டாகப் பாடவைத்து, நாமாக விலகுவதற்குக் காத்திருக்கிறார்.

நாம் யாருடைய தரிசனத்தை மறைக்கிறோம்? கூட்டமான கோயிலில் முன்னால் நின்றுகொண்டு நகராமல் இருப்பதிலிருந்து இது தொடங்குகிறது. பின்னால் ஒரு மூதாட்டி எட்டி எட்டிப் பார்க்கும்போது ஓர் அடி விலகி நின்றால், அந்தக் கணத்தில் நாம் நந்தி செய்த தொண்டைச் செய்தவர்கள் ஆகிறோம்.

பாடம் 2: லீவு கேட்டவர்

சேக்கிழாரின் நந்தனார், தம் தயக்கத்தால் 'நாளை' என்றார். பாரதியாரின் நந்தனாருக்கோ வேறு தடை. அவர் பண்ணையாள். தில்லைக்குப் போக எஜமானரிடம் விடை கேட்க வேண்டும். வேதியர் விடை தர மறுக்கிறார். 'உனக்கு எதற்குச் சிதம்பரம்?' என்று சீறுகிறார். கடைசியில் ஒரு நிபந்தனை போடுகிறார். 40 வேலி நிலத்தின் வேலை முழுவதையும் முடித்துவிட்டுப் போகலாம்! ஒரு வேலி என்பது 6 ஏக்கருக்கும் மேல். 40 வேலி என்றால் 260 ஏக்கரைத் தாண்டும். 'போகாதே' என்பதை வேறு வார்த்தையில் சொன்னதுதான் அது.

நந்தனார் இறைவனை நினைத்து உருகினார். ஒரே இரவில், கதிர் முற்றி அறுவடையே முடிந்திருந்தது. பொழுது விடிந்து வயலைப் பார்த்த வேதியர் திகைத்தார். அதுவரை தம் ஆள் என்று நினைத்தவரின் காலில் விழுந்தார். 1942 படத்தில் வேதியராக நடித்தவர் செருகளத்தூர் சாமா. 1935 படத்தில் அந்த வேடம், சங்கீத மேதை மகாராஜபுரம் விஸ்வநாத ஐயருக்கு.

படம் பார்க்கும்போது நாம் எல்லோரும் நந்தனார் பக்கம்தான். வேதியர் மீது கோபம் கோபமாக வரும். ஆனால், ஒரு நிமிடம் யோசியுங்கள். நம் அன்றாட வாழ்க்கையில் நமக்குக் கிடைத்திருக்கும் வேடம் எது? நம் வீட்டுக்கு ஒருவர் வேலைக்கு வருகிறார் என்றால், விடை கேட்பவர் அவர். விடை தருபவர் நாம். கதைப்படி வேதியர் நின்ற இடத்தில்தான் நாம் நிற்கிறோம்!

பிரதோஷத்தன்று நாம் ஐந்து மணிக்குக் கோயிலில் இருக்க வேண்டும் என்று பறக்கிறோம். அதற்காக நம் வீட்டு வேலையை முடித்துக் கொடுப்பவர், தம் ஊர் அம்மனுக்குக் கூழ் ஊற்ற ஒருநாள் லீவு கேட்டால் முகம் சுளிக்கிறோம். சம்பளத்தில் பிடிக்கவும் யோசிக்கிறோம். 'எல்லாத்தையும் முடிச்சுட்டுப் போ' என்று சொல்லும்போது, அது எத்தனை வேலி நிலம் என்று நமக்குத் தெரிவதில்லை.

வேதியரைத் திருத்தியது தண்டனை அல்ல. ஒரு விடியற்காலையில், தம் ஆளின் பக்தி தம்முடையதைவிடப் பெரிது என்று அவர் கண்டுகொண்டார். அவ்வளவுதான். அந்த விடியல் நமக்கும் வரட்டும்.

பாடம் 3: வெள்ளைப் புடவையில் ஒரு நந்தனார்

1935-ல் நந்தனாராக நடித்தது ஒரு பெண் என்று சொன்னேன் அல்லவா? கொடுமுடியில் 1908-ல் பிறந்த கே.பி.சுந்தராம்பாள் நாடக உலகின் தனிப்பெரும் குரல். எஸ்.ஜி.கிட்டப்பாவோடு அவர் பாடி நடித்த நாடகங்களுக்குத் தமிழகமும் இலங்கையும் திரண்டன. அவரையே கைப்பிடித்தார். 1933 டிசம்பரில் கிட்டப்பா காலமானார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25.

வெள்ளைப் புடவைக்கு மாறினார். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். மேடையையே விட்டு ஒதுங்கியிருந்தவரைத் தேடி வந்தது நந்தனார் வேடம். காதல் இல்லை, ஜோடி இல்லை. இறைவனை நினைத்து உருகும் ஓர் ஆத்மாவின் வேடம். அதற்கு அவருக்குக் கொடுக்கப்பட்ட தொகை ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் நாடே மூக்கின் மேல் விரல் வைத்த தொகை!

பணத்தை விடுங்கள். அதிலுள்ள பொருத்தத்தைப் பாருங்கள். அந்த நாளில் கணவரை இழந்த பெண்ணுக்கு மங்கல காரியங்களில் இடமில்லை. கல்யாண வீட்டில் முன்னால் வரக் கூடாது. மனைப் பலகைக்கு அருகில் நிற்கக் கூடாது. விலகி நிற்பது என்றால் என்ன என்பது அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாசலுக்கு வெளியே நின்றவரின் பாட்டை, வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒரு பெண் பாடினார். அதைக் கேட்டுக் கொட்டகையில் அழுத பெண்களில் எத்தனை பேர் தமக்காகவும் சேர்த்து அழுதார்களோ!

அந்தப் பெண்மணியை ஊர் ஒதுக்கி வைக்க முடியவில்லை. 1953-ல் அவரே ஔவையாராக வந்தார். 1958-ல் சென்னை மாகாண சட்ட மேலவையில் உறுப்பினரானார். 1970-ல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் நெற்றியில் விபூதியோடு நிற்கும் தோற்றம்தான் இன்றும் நம் மனத்தில் ஔவையின் தோற்றம்.

சகோதரிகளே, நவராத்திரி வருகிறது. வீடு வீடாக அழைக்கிறோம். கணவரை இழந்த அத்தை, சித்தி, பக்கத்து வீட்டு மாமி... அவர்களையும் முன்வாசல் வழியாக அழைத்து, நடுக்கூடத்தில் உட்கார வைத்து, பாடச் சொல்லி, வெற்றிலை பாக்கு, பழம், ரவிக்கைத் துணி கொடுக்கிறோமா? அம்பாளின் பார்வையில் அவர்களும் அவளுடைய பெண்கள்தானே?

பாடம் 4: இரண்டு படங்களுக்கு நடுவே திறந்த வாசல்

1935, 1942. இந்த இரண்டு ஆண்டுகளையும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கு நடுவில் தென்னாட்டுக் கோயில்களின் வாசலில் பெரிய மாறுதல்கள் நடந்தன.

1936 நவம்பர் 12-ம் தேதி, திருவிதாங்கூர் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டார். எல்லா இந்துக்களுக்கும் சமஸ்தானக் கோயில்கள் திறந்தன. 1939 ஜூலை 8-ம் தேதி, மதுரையில் அ.வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட அன்பர்கள் சிலரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். எதிர்ப்புகள் இருந்தன, வழக்குகள் வந்தன. அந்த ஆண்டே ராஜாஜி அரசு அதற்குப் பாதுகாப்பாகச் சட்டம் கொண்டுவந்தது. அதுவரை அந்தக் கோயிலுக்குள் வராதிருந்த காந்திஜி, 1946-ல் மீனாட்சியம்மனைத் தரிசித்தார். 1947-ல் சென்னை மாகாணம் முழுவதற்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது.

இதெல்லாம் சினிமாப் பாட்டால் நடந்தது என்று சொல்ல மாட்டேன். பலருடைய தியாகத்தாலும், உரிமை கேட்டு நின்றவர்களின் துணிவாலும் நடந்தது. சிதம்பரத்திலேயே, 1916-ல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் கல்விக் கழகம் தொடங்கினார். ஒதுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அமைத்து, வாழ்நாள் முழுவதும் உழைத்தார். நந்தனார் பெயர் பாட்டாக மட்டும் நின்றுவிடாமல், படிப்பாகவும் மாறியது அவரால்.

ஆனால், மனங்களைப் பதப்படுத்தியதில் அந்தப் பாட்டுகளுக்கும் பங்கு உண்டு. சினிமாக் கொட்டகையை எண்ணிப் பாருங்கள். தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட், நாற்காலி டிக்கெட் என்று காசுக்கு ஏற்ற இடம் இருந்தது. விளக்கை அணைத்ததும், ஒரே கூரையின் கீழே எல்லாக் கண்களும் நந்தனாரைப் பார்த்தன. எல்லாக் கண்களும் நனைந்தன.

அந்தப் பாட்டுகள் இசைத்தட்டுகளாக வீட்டுக்கும் வந்தன. இதுதான் என்னை மிகவும் யோசிக்க வைக்கும் விஷயம். நந்தனாரின் பாட்டு முன்வாசல் வழியாக நம் பெரியவர்களின் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தது. நந்தனார் குலத்தில் பிறந்தவர் வந்தால் கொல்லைப்புறத்தோடு போக வேண்டியிருந்தது. பாட்டுக்கு ஒரு வாசல். மனிதருக்கு ஒரு வாசல். சட்டம் கோயில் கதவைத் திறந்தது. வீட்டுக் கதவைத் திறக்க எந்தச் சட்டமும் வர முடியாது. அந்தச் சாவி இல்லத்தரசியின் இடுப்பில் இருக்கிறது!

பாடம் 5: அந்தத் தீ யாருக்கு?

கதையின் கடைசிக் கட்டம் நெஞ்சைச் சுடும். தில்லைக்கு வந்த நந்தனார் எல்லைக்குள் போகத் துணியாமல் இரவும் பகலும் வலம் வந்தார். இறைவன் கனவில் தோன்றி, தீயில் மூழ்கி வரச் சொன்னார். தில்லைவாழ் அந்தணர்கள் கனவிலும் தோன்றி, அதற்கு ஏற்பாடு செய்யப் பணித்தார். தெற்கு மதிலுக்கு வெளியே, திருவாயில் முன்பாகத் தீ வளர்க்கப்பட்டது என்கிறார் சேக்கிழார். சிதம்பரத்தில் ஓமக்குளத்தை அந்த இடமாகச் சொல்லி வணங்குவார்கள். தீயில் புகுந்த நந்தனார், முனிவரின் திருவடிவோடு வெளியே வந்தார். அந்தணர்கள் கைகூப்பினர். திருச்சபைக்குள் போனவர், பெருமானோடு கலந்துவிட்டார்.

'நந்தனார்தான் பரம பக்தர் ஆயிற்றே, அவர் ஏன் தீக்குளிக்க வேண்டும்?' என்று குழந்தைகள் கேட்பார்கள். இந்தக் காலத்துக் குழந்தைகள் கண்டிப்பாகக் கேட்பார்கள். 'பெரியவங்க சொன்னதைக் கேட்டுக்கோ' என்று வாயை மூடாதீர்கள். நியாயமான கேள்வி அது.

நான் அறிந்த அளவில் எனக்குத் தோன்றும் பதில் இது. திருப்புன்கூரிலேயே நந்தியை விலக்கித் தரிசனம் தந்தவர், நந்தனாரிடம் அழுக்கு இருப்பதாக நினைத்திருக்க முடியுமா? அழுக்கு, பார்த்தவர்களின் கண்ணில் இருந்தது. அதைப் போக்க ஒரு தீ தேவைப்பட்டது. அதற்கான வேதனையை, குற்றமே செய்யாத அடியவர் ஏற்றார். நம் கண்ணில் இருக்கும் மாசுக்காக இன்னொருவர் தீயில் இறங்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், பெருமையோடு நாம் ஒரு துளி வெட்கமும் படவேண்டும். அந்த வெட்கம் நல்லது. அதுவும் ஒரு விதத்தில் ஸ்நானம்தான்.

நந்தனார் கீர்த்தனைகளில் மாஞ்சி ராகத்தில் அமைந்த 'வருகலாமோ' எல்லோரையும் கரைக்கும் பாட்டு. உள்ளே வரலாமா என்று அனுமதி கேட்கும் பாட்டு அது. அதைக் கேட்கும்போது, இறைவன் என்ன பதில் சொன்னார் என்பதுதான் நமக்குத் தெரியும். நாம் என்ன பதில் சொல்கிறோம் என்பதை ஒருமுறை கேட்டுக்கொள்வோம்.

இனி என்ன செய்யலாம்?

பாடம் என்றால் பயிற்சியும் வேண்டும் அல்லவா? எளிமையான சில காரியங்களைச் சொல்கிறேன். செலவு அதிகம் இல்லை. மனம்தான் வேண்டும்.

* நந்தனார் படப் பாட்டுகளை ஒருநாள் குடும்பத்தோடு உட்கார்ந்து கேளுங்கள். வேலைக்கு வருபவரையும் உடன் உட்காரச் சொல்லுங்கள். முடிந்ததும் பத்து நிமிடம் பேசுங்கள். 'இந்தக் கதையில் நாம் யார்?' என்று குழந்தைகளைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதில் நமக்குப் பெரிய உபதேசமாக இருக்கும்.

* திருநாளைப்போவார் குருபூஜை புரட்டாசி ரோகிணியில் வருகிறது. அருகிலுள்ள சிவாலயத்தில் அறுபத்துமூவர் வரிசையில் அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டு, ஒரு முழம் பூ சாற்றி, விளக்கேற்றுங்கள். கருவறைக்கு ஓடும் அவசரத்தில் அவரைத் தாண்டியே போய்விடுகிறோம்.

* வீட்டில் தனியாக வைத்திருக்கும் அந்த டம்ளர்... எது என்று உங்களுக்கே தெரியும். அதை எடுத்துவிடுங்கள். நாம் குடிக்கும் டம்ளரிலேயே காபி கொடுங்கள். தரையில் குந்தி உட்காருபவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். இதை எந்த விரத பலனுக்கும் குறைவாக நினைக்க வேண்டாம்.

* அடுத்த பிரதோஷத்துக்கு, அல்லது அவர்கள் ஊர்த் திருவிழாவுக்கு, அவர் கேட்குமுன் நீங்களே லீவு கொடுங்கள். சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். முடிந்தால் பூவும் பழமும் வாங்கக் கையில் கொஞ்சம் கொடுத்து அனுப்புங்கள்.

* வைத்தீஸ்வரன்கோயில் போகிறவர்கள் திருப்புன்கூருக்கும் சென்று வாருங்கள். விலகியிருக்கும் நந்தியின் அருகில் சற்று நின்று, 'நானும் விலகக் கற்றுக்கொடு' என்று வேண்டிக்கொள்ளுங்கள்.

திருவாதிரைக் களியின் கதையும் நமக்குத் தெரியும். விறகு வெட்டிப் பிழைத்த சேந்தனார், வீட்டில் இருந்த மாவைக் கொண்டு செய்த களியை அடியவராக வந்த பெருமானுக்குக் கொடுத்தார். மறுநாள் தில்லைச் சந்நிதியில் களி சிதறிக் கிடந்தது என்பார்கள். ஏழையின் களியைத் தேடிப்போனவர் நடராஜர். வாசலில் நின்றவரைத் தம்மோடு கலந்துகொண்டவரும் அவரே. அவருக்குப் பிரியமானவர்கள் யார் என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

நந்தனாராக நடித்த தண்டபாணி தேசிகர், பிற்காலத்தில் சிதம்பரத்திலேயே, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், இசை கற்பிக்கும் ஆசிரியராகப் பணியாற்றினார். திரையில் 'நாளைப் போவேன்' என்று ஏங்கியவர், நிஜ வாழ்க்கையில் தில்லைக்கே வந்து சேர்ந்தார். பெருமான் தம் அடியவரை மட்டுமல்ல, அடியவரைப் பாடியவரையும் அழைத்துக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பாட்டைக் கேட்டு உருகும் நம்மையும் அழைத்துக்கொள்ளட்டும்.

அடுத்த முறை கொல்லைப்புறத்திலிருந்து, 'அம்மா, இன்னிக்குக் கோயிலுக்குப் போகட்டுமா?' என்ற குரல் கேட்கும்போது, உங்கள் நெஞ்சில் அந்தப் பழைய பாட்டு ஒலிக்கட்டும். முன்வாசலுக்கு வரச் சொல்லுங்கள். சிரித்த முகத்தோடு சொல்லுங்கள்:

'நாளைக்கு எதுக்கும்மா? இன்னிக்கே போய் வா. எங்களுக்கும் சேர்த்து வேண்டிக்கோ.'

தில்லைக் கூத்தன் அருளால் எல்லோர் வாசலும் திறக்கட்டும்!